தவறினால் பதில் சொல்வது யார்?

2015 டிசம்பர் 12 அன்று மாலை, பாரிஸ் நகரை ஒட்டிய லெ பூர்ஷேயில் உலக நாடுகளின் பிரதிநிதிகள் காலநிலை ஒப்பந்தத்தின் இறுதி வரைவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதன் 4ஆம் உறுப்பில் இருந்த ஒரு சொல் அமெரிக்கக் குழுவுக்குப் பெரும் சிக்கலாகியிருந்தது. வளர்ந்த நாடுகள் தம் பொருளாதாரம் முழுமைக்குமான உமிழ்வுக் குறைப்பு இலக்குகளை ஏற்று முன்னே நடக்க வேண்டும் என்று சொல்லும் வாக்கியத்தில், சட்டக் கட்டாயத்தைக் குறிக்கும் 'ஷால்' என்ற ஆங்கிலச் சொல் இடம்பெற்றிருந்தது. அது அப்படியே நின்றால் ஒப்பந்தத்தை அமெரிக்க செனட்டின் ஒப்புதலுக்குக் கொண்டுபோக வேண்டும். செனட் ஒப்பாது என்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டம் தொடங்குவது தள்ளிப்போனது. பிறகு, எழுத்துப்பிழைத் திருத்தங்களின் பட்டியலோடு சேர்த்து இந்தச் சொல்லும் திருத்தி வாசிக்கப்பட்டது. 'ஷால்' போய் 'ஷுட்' வந்தது. 'செய்தாக வேண்டும்' என்பது 'செய்வது தகும்' என்றானது. சற்று நேரத்தில் ஒப்பந்தம் நிறைவேறியது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

பன்னாட்டுக் காலநிலைச் சட்டத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு சொல் மாற்றத்தில் தெரிகின்றன. பாரிஸ் ஒப்பந்தம் நாடுகளைக் கட்டுப்படுத்தவே இல்லை என்று சொல்வது தவறு. ஒவ்வொரு நாடும் தன் பங்களிப்பு என்ன என்று ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அறிவிக்க வேண்டும், அடுத்த அறிவிப்பு முந்தையதைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும், செய்ததைக் கணக்குக் காட்ட வேண்டும் என்றெல்லாம் அது விதிக்கிறது. ஆனால் அறிவித்த இலக்கை அடைந்தே தீர வேண்டும் என்று அது விதிக்கவில்லை. இலக்கை நோக்கி உள்நாட்டில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஒப்பந்தத்தின் செயலாக்கத்தைக் கவனிக்க 15ஆம் உறுப்பு அமைக்கும் குழு யாரையும் தண்டிக்கக் கூடாது, எதிராளியாக நடத்தக் கூடாது என்று அந்த உறுப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டை இலக்குச் சொல்ல வைக்க பன்னாட்டு ஒப்பந்தத்தால் முடிகிறது. சொன்னதைச் செய்ய வைக்கும் வலு அந்த நாட்டின் சொந்தச் சட்டத்தில்தான் பிறக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அது ஏன் வேண்டும், எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பன்னாட்டுச் சட்டத்தையே கடுமையாக்கினால் என்ன என்று கேட்கலாம். அந்தச் சோதனை நடந்து முடிந்துவிட்டது. 1997இல் உருவாகி 2005இல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ நெறிமுறை, வளர்ந்த நாடுகளுக்கு எண்ணிட்ட இலக்குகளை விதித்தது. 2008 முதல் 2012 வரையிலான ஆண்டுகளில் 1990ஆம் ஆண்டு அளவைவிடச் சராசரியாக 5 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றது. தவறிய நாடு, தவறிய அளவோடு அதில் 30 விழுக்காட்டையும் கூட்டி அடுத்த காலகட்டத்தில் ஈடுகட்ட வேண்டும் என்ற தண்டனையும் இருந்தது. நடந்தது என்ன? நெறிமுறை உருவாவதற்குச் சில மாதங்கள் முன்பே, வளரும் நாடுகளுக்கும் கடமை விதிக்காத உடன்படிக்கை எதையும் ஏற்கக் கூடாது என்று அமெரிக்க செனட் 95க்கு 0 என்ற வாக்கில் தீர்மானம் போட்டது. அமெரிக்கா கடைசிவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. 6 விழுக்காடு குறைப்பதாக ஒப்புக்கொண்ட கனடாவில் உமிழ்வு ஏறிக்கொண்டே போனது. 2011 டிசம்பரில் அந்த நாடு நெறிமுறையிலிருந்தே விலகிவிட்டது. விலகியவரைத் தண்டிக்க வழியில்லை. ஓசோன் படலத்தைக் காத்த 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் நெறிமுறை வெற்றி பெற்றதே என்பார்கள். அங்கே ஒழிக்க வேண்டியிருந்தவை ஒரு சில தொழிற்சாலைகள் தயாரித்த, மாற்றுப்பொருள் கண்டுபிடிக்க முடிந்த வேதிப்பொருள்கள். நிலக்கரியும் எண்ணெயும் ஒரு நாட்டின் மின்சாரம், உணவு, போக்குவரத்து அனைத்திலும் ஊடுருவி நிற்பவை. அவற்றைப் பற்றிய முடிவை எந்த நாடும் வெளியார் கையில் கொடுக்காது. பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து 2020இல் விலகி, 2021இல் திரும்பி வந்து, 2025 ஜனவரியில் மீண்டும் விலக ஆணையிட்ட அமெரிக்காவே இதற்குச் சாட்சி.

உள்நாட்டுச் சட்டத்தின் பக்கம் திரும்பினால் காட்சி மாறுகிறது. பிரிட்டன் 2008 நவம்பரில் காலநிலை மாற்றச் சட்டத்தை இயற்றியது. விரல்விட்டு எண்ணக்கூடிய உறுப்பினர்களே எதிர்த்து வாக்களித்தார்கள். 2050க்குள் உமிழ்வை 80 விழுக்காடு குறைப்பதை அமைச்சரின் சட்டக் கடமையாக அது எழுதிவைத்தது. 2019இல் அந்த 80, நிகர பூஜ்ஜியம் என்று திருத்தப்பட்டது. அந்த எண்ணைவிட அதைச் சுற்றிக் கட்டப்பட்ட பொறிமுறைதான் நாம் கவனிக்க வேண்டியது. ஐந்து ஆண்டுக்கு ஒரு கரிம பட்ஜெட், அதாவது அந்த ஐந்து ஆண்டுகளில் நாடு வெளியிடக்கூடிய மொத்த உமிழ்வுக்கு ஒரு உச்சவரம்பு. அதை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் முன்கூட்டியே நாடாளுமன்றம் நிறைவேற்ற வேண்டும். அரசுக்குக் கட்டுப்படாத நிபுணர் குழு ஒன்று அந்த வரம்பைப் பரிந்துரைக்கும். ஆண்டுதோறும் அரசின் செயலை மதிப்பிட்டு நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்கும். அரசு அந்த அறிக்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2050 என்பது எந்த அமைச்சருக்கும் தொலைவான ஆண்டு. அதை அவர் பதவிக்காலத்துக்குள் இழுத்துக்கொண்டுவந்து நிறுத்துகிறது இந்த ஏற்பாடு.

அது வெறும் காகித ஏற்பாடாக நின்றுவிடவில்லை. 2022 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம் பிரிட்டன் அரசின் நிகர பூஜ்ஜியத் திட்டம் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. காரணம் நுட்பமானது. ஆறாவது கரிம பட்ஜெட்டுக்குத் தேவையான குறைப்பில் 95 விழுக்காட்டுக்கு மட்டுமே அரசிடம் கணக்கு இருந்தது. மீதி 5 விழுக்காடு எங்கிருந்து வரும் என்பதற்குக் கணக்கு இல்லை என்பதை நாடாளுமன்றத்திடம் அரசு சொல்லவில்லை. மறைத்தது 5 விழுக்காடுதான், ஆனாலும் திட்டத்தை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. திருத்தி எழுதிய திட்டமும் 2024 மே மாதம் நீதிமன்றத்தில் தோற்றது. இதற்கிடையில், 2012இல் பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தந்த நிலக்கரி முற்றிலும் விடைபெற்றது. கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. இதற்கு முழுப் பெருமையையும் அந்தச் சட்டத்துக்கே கொடுப்பது நேர்மையாகாது. 2013இல் கொண்டுவந்த கரிம விலையும், வடகடல் எரிவாயுவும், காற்றாலைகளின் விலைச் சரிவும் சேர்ந்துதான் அதைச் சாதித்தன. ஆனால் அந்தக் கரிம விலையை ஓர் அரசு துணிந்து போடவும், பின்வந்த அரசுகள் அதைத் தொடரவும் சட்டத்தின் நீண்ட காலவரையறை துணை நின்றது என்பது என் மதிப்பீடு.

மற்ற நாடுகளின் நீதிமன்றங்களிலும் இதே பாடம் கிடைக்கிறது. நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம், அர்கெண்டா அமைப்பு தொடுத்த வழக்கில், 2020 முடிவுக்குள் உமிழ்வை 1990 அளவைவிட 25 விழுக்காடாவது குறைக்க வேண்டும் என்ற ஆணையை 2019 டிசம்பரில் உறுதிசெய்தது. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021இல் சொன்னது இன்னும் ஆழமானது. 2019ஆம் ஆண்டின் ஜெர்மன் காலநிலைச் சட்டம் 2030 வரை மட்டுமே பாதை வகுத்திருந்தது. சுமையின் பெரும்பகுதியை அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்குத் தள்ளிவிடுவது இன்றைய இளைஞர்களின் நாளைய சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்றது நீதிமன்றம். சில மாதங்களுக்குள் அரசு 2030க்கான இலக்கை 55இலிருந்து 65 விழுக்காடாக உயர்த்தியது; கரிமச் சமநிலைக்கான ஆண்டையும் 2050இலிருந்து 2045க்கு முன்னகர்த்தியது. தென் கொரியாவில் 2024 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏறக்குறைய இதே காரணத்தைச் சொல்லி, 2031 முதல் 2049 வரை இலக்கு இல்லாத சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்றது. ஜெர்மனியிலும் கொரியாவிலும் நீதிபதிகள் கையில் எடுத்து அளந்து பார்க்க ஒரு சட்டம் இருந்தது.

இந்தியாவிடம் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2008 ஜூன் 30 அன்று எட்டு இயக்கங்களைக் கொண்ட தேசியக் காலநிலை மாற்றச் செயல்திட்டம் வெளியானது. மாநிலங்களும் தத்தம் செயல்திட்டங்களை எழுதின. 2015இல் பாரிஸ் மாநாட்டுக்கு முன் அறிவித்த பங்களிப்பை 2022 ஆகஸ்டில் இந்தியா உயர்த்தியது: 2030க்குள், ஒரு ரூபாய் உற்பத்திக்கு ஆகும் உமிழ்வை 2005 அளவைவிட 45 விழுக்காடு குறைப்பது; மின் உற்பத்தித் திறனில் 50 விழுக்காட்டைப் புதைபடிவம் அல்லாத மூலங்களிலிருந்து பெறுவது. இரண்டாவது இலக்கை 2025இலேயே, ஐந்து ஆண்டுகள் முன்னதாக, நாடு எட்டிவிட்டது. இது சாதனைதான். ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. சூரியன் மறைந்த பின் சூரியத் தகடுகளின் திறனால் விளக்கு எரிவதில்லை. 2024-25இலும் நாட்டின் மின்சாரத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல் நிலக்கரியிலிருந்தே வந்தது. முதல் இலக்கு பொருளாதார உற்பத்திக்கான விகிதத்தில் சொல்லப்பட்டிருப்பதால், அதை அடைந்த பின்னும் மொத்த உமிழ்வு ஏறிக்கொண்டே போகலாம். வளரும் நாட்டுக்கு அது நியாயமான ஏற்பாடு என்றே கொள்வோம். எந்த ஆண்டில் உச்சம், எந்த வேகத்தில் இறக்கம், வழியில் யார் என்ன செய்வது என்ற கேள்விகள் மட்டும், நிகர பூஜ்ஜியத்துக்கு இந்தியா குறித்திருக்கும் 2070 என்ற ஒற்றை ஆண்டுக்குள் ஒளிந்து நிற்கின்றன.

சட்டம் இல்லாததன் விலையை நிலக்கரி வரியின் கதையைப்போலத் தெளிவாகச் சொல்வது வேறொன்றில்லை. 2010இல் இந்திய அரசு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் 'தூய ஆற்றல் செஸ்' விதித்தது. அன்றைய உலகில் அது முன்னோடி முயற்சி. எந்த நாடும் நம்மை நெருக்கவில்லை; நாமே போட்டுக்கொண்டோம். அது படிப்படியாக உயர்ந்து 2016இல் 400 ரூபாய் ஆனது. வசூலாகும் பணம் தேசியத் தூய ஆற்றல் நிதிக்குப் போய், சூரியசக்தியையும் ஆராய்ச்சியையும் வளர்க்கும் என்பது வாக்கு. 2017-18 வரை வசூலானது சுமார் 86,000 கோடி ரூபாய். அந்த நிதிக்கு மாற்றப்பட்டது 30,000 கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குச் செலவானது அதிலும் ஏறத்தாழ பாதி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அதே 400 ரூபாய், மாநிலங்களுக்கு வருவாய் இழப்பீடு தரும் செஸ்ஸாகப் பெயர் மாறியது. மாநிலங்களின் இழப்பும் உண்மையானது. அந்தப் பணத்தை யாரும் களவாடிவிடவில்லை. ஆனால் காலநிலைக்கென்று மக்களிடம் வாங்கிய பணத்தை வேறு செலவுக்குத் திருப்பும்போது, ஏன் என்று கேட்பதையே கடமையாகக் கொண்ட ஒரு காலநிலை அமைப்பு இந்த நாட்டில் இருக்கவில்லை. 2025 செப்டம்பரில் அந்தச் செஸ்ஸும் நீக்கப்பட்டு, நிலக்கரிமீதான ஜி.எஸ்.டி. 5இலிருந்து 18 விழுக்காடாக்கப்பட்டது. பதினைந்து ஆண்டு நடந்த ஒரு கரிம வரி, கரிம வரி என்ற அடையாளமே இல்லாமல் முடிந்துபோனது.

உமிழ்வைக் குறைப்பதில் இப்படி என்றால், வந்துவிட்ட மாற்றத்துக்குத் தகவமைத்துக்கொள்வதில் நிலைமை இன்னும் மோசம். 2015இல் மத்திய அரசு தகவமைப்புக்கென ஒரு தேசிய நிதியைத் தொடங்கியது. மன்னார் வளைகுடாவில் அலையால் கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டுகள் அமைத்துக் காப்பாற்றும் முயற்சிக்கு உதவியது அந்த நிதிதான். சில ஆண்டுகளில் அதன் ஒதுக்கீடு சுருங்கியது. 2022இல் அது திட்டம் என்ற தகுதியையே இழந்தது. வெப்ப அலை இன்னொரு உதாரணம். 2024இல் தேசியப் பேரிடர்ப் பட்டியலில் இருந்தவை பன்னிரண்டு. குளிர் அலை அதில் உண்டு, வெப்ப அலை இல்லை. பட்டியலில் இல்லாத பேரிடருக்கு மாநிலம் தன் பேரிடர் நிதியில் 10 விழுக்காட்டுக்குள்தான் செலவிட முடியும். அந்த வரம்புக்குள் நின்றுதான் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணையிட்டது. நல்ல ஆணைதான். ஆனால் வெயிலில் கல் சுமக்கும் தொழிலாளியின் உயிருக்கான பாதுகாப்பு, அவர் எந்த மாநிலத்தில் விழுகிறார் என்பதைப் பொறுத்து அமைவது நீதியாகாது.

நீதிமன்றங்கள் இந்த வெற்றிடத்தை நிரப்பிவிடும் என்று நம்புவோர் உண்டு. 2017இல் ஒன்பது வயதுச் சிறுமி ஒருவர், காலநிலை மாற்றத்தைத் தடுக்க அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகினார். பாரிஸ் ஒப்பந்தம் அரசின் கொள்கைகளில் பிரதிபலிக்கவில்லை என்று கருதக் காரணமில்லை என்று சொல்லி 2019இல் தீர்ப்பாயம் அந்த மனுவை முடித்துவைத்தது. 2024இல் உச்ச நீதிமன்றம் வெகுதூரம் முன்னே வந்தது. கானமயில்களின் வாழிடத்தில் செல்லும் மின்கம்பிகள் பற்றிய ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமை அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்று அறிவித்தது. காலநிலை மாற்றத்துக்கென்று ஒருங்கிணைந்த சட்டம் இந்தியாவில் இல்லை என்பதையும் அதே தீர்ப்பு பதிவுசெய்தது. உரிமை இருக்கிறது, அந்த உரிமைக்கு எதிரே நிற்கும் கடமை யாருடையது, அளவு என்ன, கெடு என்ன என்று எங்கும் எழுதப்படவில்லை. அப்படி எழுதப்படாதவரை ஒவ்வொரு நீதிபதியும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, மிகவும் வலுவானது: வரலாற்றில் வளிமண்டலத்தை நிரப்பியவர்கள் வேறு; 1850 முதல் சேர்ந்த உமிழ்வில் உலக மக்களில் 17 விழுக்காட்டினரான நம் பங்கு சுமார் 4 விழுக்காடுதான்; நாம் ஏன் நம் கையை நாமே கட்டிக்கொள்ள வேண்டும்? இந்த நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். 2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் தருவதாகச் சொன்ன பணக்கார நாடுகள், 2020க்குள் அதை எட்டவில்லை. தம் கணக்குப்படியே 2022இல்தான் எட்டின. 2024இல் பாக்கு மாநாட்டில் அது 300 பில்லியன் என்று முடிவானபோது இந்தியப் பிரதிநிதி எழுந்து எதிர்த்தது சரியே. ஆனால் உள்நாட்டுச் சட்டம் வேண்டும் என்பதற்கும் இலக்கை உயர்த்த வேண்டும் என்பதற்கும் தொடர்பில்லை. இந்தியா தன் வளர்ச்சிக்கு உரிய உமிழ்வு இடத்தைச் சட்டத்திலேயே எழுதிக்கொள்ளலாம். உச்சம் தொடும் ஆண்டைத் தானே குறிக்கலாம். வெளிநாட்டு நிதி வந்தால் இந்த அளவு, வராவிட்டால் இந்த அளவு என்று பிரித்தும் எழுதலாம். மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நிலக்கரியை நம்பியிருக்கும் தென்னாப்பிரிக்கா 2024 ஜூலையில் காலநிலை மாற்றச் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு மாகாணமும் நகராட்சியும் தன் பகுதிக்கான ஆபத்தை மதிப்பிட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. ஏழைகளும் நிலக்கரியும் நிறைந்த நாட்டுக்குச் சட்டம் ஆகாது என்ற வாதம் அங்கே உடைந்துவிட்டது.

இரண்டாவது எதிர்வாதம்: சட்டம் இயற்றினால் மட்டும் ஆகிவிடுமா? நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974 முதல் இருக்கிறது. நம் ஆறுகளைப் பாருங்கள் என்பார்கள். பிரிட்டனிலேயே கன்சர்வேட்டிவ் கட்சி, தான் ஆதரித்து நிறைவேறிய அதே சட்டத்தை நீக்கப்போவதாக 2025இல் அறிவித்தது. ஜெர்மனி 2024இல் தன் சட்டத்தின் துறைவாரி இலக்குகளைத் தளர்த்தியது. இவை உண்மை. இருந்தாலும் ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் பின்வாங்க நினைப்பவர்கள் அதை உரக்க அறிவித்து, தேர்தலில் வென்று, நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்துத்தான் செய்ய முடியும். நம் நாட்டில் ஒரு நிதிக்கான ஒதுக்கீட்டைச் சுருக்கி, ஒரு செஸ்ஸின் பெயரை மாற்றி, ஓசையில்லாமல் பின்வாங்க முடிகிறது. நீர்ச் சட்டத்தின் தோல்வியும் வேறொன்றையே கற்பிக்கிறது: தொழிற்சாலைகளைக் கட்டுப்படுத்திய சட்டம், கண்காணிக்க வேண்டிய அரசைக் கட்டுப்படுத்தவில்லை. எனவே இந்தியக் காலநிலைச் சட்டத்தின் முதல் பொறுப்பாளியாக அரசே இருக்க வேண்டும். ஐந்தாண்டுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் வைப்பதும், சுதந்திரமான நிபுணர் ஆணையத்தின் ஆண்டறிக்கைக்குக் குறித்த நாளுக்குள் பதில் தருவதும், காலநிலைக்கென வாங்கிய வரியைக் காலநிலைக்கே செலவிடுவதும் அதில் கடமைகளாக எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, மாநிலங்களின் அச்சம். அரசியலமைப்பின் 253ஆம் பிரிவு, பன்னாட்டு உடன்படிக்கையைச் செயல்படுத்த மாநிலப் பட்டியலுக்குள்ளும் நுழைந்து சட்டமியற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் அந்த வழியில் வந்ததே. வேளாண்மை, நீர், பொதுச் சுகாதாரம் எல்லாம் மாநிலங்களுடையவை. தகவமைப்பு என்பது பெரும்பாலும் இவைதான். காலநிலையின் பெயரால் டெல்லி இவற்றையும் எடுத்துக்கொள்ளுமோ என்று தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கவலைக்கு மருந்து சட்டத்தின் வடிவத்தில்தான் இருக்கிறது. மாநிலங்களுக்கு எவ்வளவு தகவமைப்பு நிதி, எந்தச் சூத்திரத்தின்படி, எந்தத் தேதிக்குள் என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும். நிபுணர் ஆணையத்தில் மாநிலங்களுக்கு இடம் வேண்டும். எப்படிச் செய்வது என்ற முடிவு மாநிலத்திடம் இருக்க வேண்டும். இன்றைய சட்டமில்லா நிலை மாநிலங்களைக் காப்பதாக நினைப்பது மயக்கம். வெப்ப அலைக்கான 10 விழுக்காட்டு வரம்பை விதித்தது யார் என்று பார்த்தால் இது விளங்கும்.

நாம் சட்டம் இயற்றாமல் இருந்தால் வேறொருவர் சட்டம் நம்மை ஆளும் என்பதும் கண்முன் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நம் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் அங்கே உமிழ்வுக் கணக்கு. ஏற்றுமதி செய்யும் நாட்டில் ஏற்கெனவே செலுத்திய கரிம விலை மட்டும் கழித்துக்கொள்ளப்படும். அதை நியாயமற்ற வணிகத் தடை என்று இந்தியா சொல்வதில் உண்மை உண்டு. ஆனாலும் டன்னுக்கு 400 ரூபாயைக் கரிம விலை என்ற பெயரிலேயே வைத்திருந்தால், அதைக் காட்டி வாதாட நம் கையில் ஒன்று இருந்திருக்கும். 2022இல் திருத்திய ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்கீழ் வந்திருக்கும் கரிம வரவு வணிகத் திட்டம் அந்தத் திசையில் ஒரு தொடக்கம். அது தொழிற்சாலைகளின் உமிழ்வு விகிதத்தைக் கட்டுப்படுத்துகிறது, அரசைக் கட்டுப்படுத்தவில்லை.

2025 ஜூலை 23 அன்று பன்னாட்டு நீதிமன்றம், வனுவாட்டு என்ற சிறு தீவு நாடு முன்னெடுத்த கேள்விக்கு ஒருமனதாகக் கருத்துரை வழங்கியது. ஒரு நாடு தன் பங்களிப்பில் என்ன எழுதுவது என்பது முழுக்க அதன் விருப்பம் அல்ல, அதை நிறைவேற்றத் தன்னால் ஆனதையெல்லாம் செய்யும் கடமை உண்டு, தவறினால் பொறுப்பும் உண்டு என்றது. கருத்துரை யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. பாரிஸில் கைநழுவிய 'ஷால்' என்ற சொல்லின் ஒரு பகுதியை அது மீட்டெடுத்துக் கொடுத்திருக்கிறது; மீதியை எழுத வேண்டியவை தேசிய நாடாளுமன்றங்கள். 2022இல் இந்தியா உயர்த்திய இலக்குகளுக்கு ஒப்புதல் தந்தது மத்திய அமைச்சரவை. 2070க்குள் நிகர பூஜ்ஜியம் என்பதை அரசின் கடமையாக்கும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இதுவரை நிறைவேற்றவில்லை.